மூன்று தளம், ஒன்பது ஸ்டூல்: காரைக்குடியில் துணி எடுத்த கதை

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது, இரண்டாவது மாடியில் நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் ஆகும். காரைக்குடியில் கண்ணாடி முகப்பு, ஏசி, லிஃப்ட் என்று இப்போது நாலைந்து ஜவுளிக்கடை வந்துவிட்டது. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோட்டையூரில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். லைனிங், ஃபால்ஸ், நூல் வாங்க மாதம் ஒரு தடவையாவது காரைக்குடி போய்விடுவேன். இந்தத் தடவை போனது அதற்கு மட்டும் இல்லை. தை முகூர்த்தத்தில் தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு. அம்மாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை, தங்கச்சி மகளுக்குப் பட்டுப்பாவாடை, எனக்கு லைனிங். மார்கழி முதல் வாரம் ஜவுளிக்கடை காற்றாடும். பொங்கல் கூட்டம் வருவதற்குள் ஆற அமரப் பார்த்து எடுக்கலாம் என்று பஸ் ஏறினேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தேன். காலை ஒன்பதரைக்கு ஃப்ளோரில் நின்றால் ராத்திரி பத்து மணிக்குத்தான் ஹாஸ்டலுக்கு விடுவார்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் சேலைக் கட்டின் மேல் ஒரு நிமிடம் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் நோட்டில் எழுதிவிடுவார், மாதக் கடைசியில் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் குறையும். அந்த ஐந்து வருடத்தின் பாக்கி இன்றைக்கும் என் இடது காலில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பச்சை நரம்பு புழு மாதிரி சுருண்டு கிடக்கும். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் மற்றவர்கள் சேலையைப் பார்ப்பார்கள், நான் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் அதில் ஆள் இருக்கிறதா என்று.

இந்தக் கடையில் மொத்தம் ஒன்பது ஸ்டூல் எண்ணினேன். நீலக் கலர் பிளாஸ்டிக். கீழ்த்தளத்தில் நான்கு, முதல் மாடியில் இரண்டு, இரண்டாவது மாடியில் மூன்று.

கீழ்த்தளத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நைட்டி, துண்டு, போர்வை, தினப்படிக்குக் கட்டுகிற சேலை. விலை நியாயம். துண்டு நன்றாக இருக்கிறது, ஈரோட்டுச் சரக்கு என்றார்கள். தண்ணீர் உறிஞ்சுகிறது, அது போதும். அங்கே நான்கு பெண்கள், நாற்பது வயதுக்கு மேல் எல்லோரும். ஒருத்தி அரியக்குடி, ஒருத்தி கழனிவாசல், மற்ற இருவரும் உள்ளூர்தான். நான் உள்ளே நுழையும்போது இரண்டு பேர் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள், பதறி எழவில்லை. “வாங்கக்கா, என்ன பாக்குறீங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த எழுந்த விதத்திலேயே எனக்குக் கடை பிடித்துவிட்டது.

முதல் மாடி பட்டும் கைத்தறியும். இந்தக் கடைக்குப் போக வேண்டும் என்றால் இந்த மாடிக்காகத்தான் போக வேண்டும். மற்ற இடமெல்லாம் டைல்ஸும் கண்ணாடியுமாக இருக்க, இங்கே ஒரு மூலையில் மட்டும் பழைய காலத்து மேடை, அதன்மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு, ஒரு திண்டு. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு எழுபது இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நாமும் மெத்தையில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும், “கண்டாங்கி யாருக்கு? அம்மாவுக்கா? அம்மா குட்டையா நெட்டையா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை எந்த ஷோரூமில் கேட்கிறார்கள் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கண்டாங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி குட்டையாக நெய்ததாம். இப்போது எல்லோரும் கட்டுகிற மாதிரி ஐந்தரை மீட்டருக்கு வந்துவிட்டது. “ஆனாலும் குட்டையான ஆளுக்குப் பெரிய கரை வச்சதக் குடுத்தா கரை மட்டும்தான் தெரியும், ஆளு தெரியாது” என்றார்.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்ததோடு போலியும் பெருகியது. அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டு விசைத்தறியில் அடித்துக் கண்டாங்கி என்று விற்கிறார்கள். இந்தக் கடையிலும் அது இருக்கிறது, கீழ்த்தளத்தில் 550 ரூபாய்க்கு. மேலே கைத்தறி 1,450-லிருந்து. பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். விசைத்தறிச் சேலை அச்சடித்த நோட்டு மாதிரி ஒரே சீர். கைத்தறியில் கட்டத்துக்குக் கட்டம் மயிரிழை வித்தியாசம், கரையோரத்தில் ஊசி குத்திய மாதிரி பொடிப்பொடியாகத் துளை. “இந்த ஓட்டையைக் காட்டி டேமேஜுன்னு திருப்பிக் கொண்டாந்தாங்க ஒருத்தங்க. அதுதான் ஆத்தா சாட்சின்னு சொல்லி அனுப்புனேன்” என்று சிரித்தார்.

நான் கேட்காமலே அவர் கதை வந்தது. அவர் அப்பா தறிக்காரர். 1985-ல் கைத்தறிக்கென்று சட்டம் போட்டுச் சில இனங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று ஒதுக்கினார்கள், ஆரம்பத்தில் 22 இனம், பிறகு 11 ஆகக் குறைந்தது. நூற்பாலைகள் தறிக்காரருக்காகச் சிட்டமாக, அதாவது கைத்தறிக்கு ஏற்ற நூல்கட்டாகக் கட்டிப் போட வேண்டிய நூலின் பங்கும் 50 சதவீதத்திலிருந்து 2003-ல் 40, 2019-ல் 30 என்று இறங்கியது. அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில். “நூலு கெடைக்கிறவன் கையில தறி இருந்துச்சு. அப்புறம் தறி இருக்கிறவனுக்கு நூலு இல்ல. நான் தறிய வித்துட்டுக் கடைக்கு வந்தேன்” என்றார். 1991-க்குப் பிறகு தாராளமயம் என்று நாட்டுக்குள் என்னென்னவோ திறந்துவிட்டார்கள். அப்போது வர்த்தகத் துறையைப் பார்த்த ப. சிதம்பரமும் நமக்குப் பக்கத்துக் கண்டனூர்க்காரர்தான். அதனால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் தையல் மெஷினில் மோட்டார் ஓடுவதும், ஓவர்லாக் மெஷினைத் தவணையில் எடுக்க முடிந்ததும் அதற்குப் பிறகு வந்த வசதிதான். ஆனால் கதவைத் திறந்தபோது வாசலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் முதலில் உள்ளே போனார்கள். தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வருவதற்குள் இடம் நிரம்பிவிட்டது.

மெத்தைக்கு வருகிறேன். சின்ன வயதில் நான் பார்த்த ஜவுளிக்கடை எல்லாமே மெத்தைதான். காட்டுகிறவரும் உட்கார்ந்திருப்பார், எடுக்கிறவரும் உட்கார்ந்திருப்பார், முதலாளி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அதற்கும் முந்தி, எங்கள் தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், சமையல் வேலைக்குப் போயிருந்தவர். அங்கே பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று சின்ன ஆளிலிருந்து பெரிய ஆள் வரை எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் ஒரு சாய்வுப் பெட்டியை வைத்துக் கணக்கு எழுதுவார்களாம். தாத்தா சொல்வார். கண்டிப்பு இருந்தது, சம்பளம் கம்மி, அதெல்லாம் உண்மை. ஆனால் நிற்க வைக்கவில்லை. நிற்க வைப்பது கவுன்டரோடு வந்த வழக்கம். ஷோரூம் ஆக்குகிறோம் என்று மெத்தையை எடுத்துவிட்டு இடுப்புயர மேஜையைப் போட்டார்கள். அந்தப் பக்கம் கஸ்டமருக்குக் குஷன் நாற்காலி, இந்தப் பக்கம் சேல்ஸ்காரருக்கு வெறும் தரை.

இந்தக் கடையிலும் பழைய முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தபோது மெத்தையை எடுக்கச் சொல்லியிருக்கிறார். பெரியவர் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: “மெத்தைய எடுத்தா அதோட சேத்து என்னையும் எடுத்துருங்க தம்பி.” எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் திண்டுக்குக் கீழேயிருந்து ஒரு பழைய டைரியை எடுத்துக் காட்டினார். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை, கோனாபட்டு என்று ஊர்வாரியாக ஆச்சிமார் வீட்டு ஃபோன் நம்பர். நாற்பது வருடத்துச் சேர்மானம். சிலது பழைய லேண்ட்லைன் நம்பர், அடித்துவிட்டு மேலே செல் நம்பர் எழுதியிருந்தது. இவர் வேறு கடைக்குப் போனால் அந்த டைரியும் போகும், டைரியோடு கல்யாணப் பட்டும் போகும். மெத்தை ஏன் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கண்டாங்கி 1,650 ரூபாய். அரக்குக்குக் கடுகு மஞ்சள் கரை. அம்மா இரண்டு தடவை கட்டித் துவைத்தாகிவிட்டது, முதல் அலசலில் கொஞ்சம் சாயம் விட்டது, பிறகு இல்லை. கஞ்சி போடாமலே நிற்கிறது. இந்த விலைக்கு எனக்குக் குறை இல்லை. பக்கத்தில் இருந்த இரண்டு ஸ்டூலும் காலியாகத்தான் இருந்தன, உட்கார அங்கே வேறு ஆள் இல்லை.

இரண்டாவது மாடி ரெடிமேடும், மீட்டர் துணியும், லைனிங்கும். லிஃப்ட் திறந்ததும் ஆறு பெண் பிள்ளைகள் ஒரே நேரத்தில் “வணக்கம் மேடம்” என்றார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது எங்கள் சென்னைக் கடை வணக்கம். லிஃப்ட் மணி அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்பிக் கை கூப்ப வேண்டும்.

ஆறு பேருக்கும் இருபது இருபத்திரண்டுக்குள்தான் இருக்கும். மூன்று ஸ்டூல். முதல் ஸ்டூலில் உடைந்த பொம்மையின் கை இரண்டு கிடந்தது. இரண்டாவதை மேல் அடுக்கிலிருந்து பெட்டி எடுக்க ஏறி நிற்கப் பயன்படுத்துகிறார்கள், செருப்புத் தடம் தெரிந்தது. மூன்றாவதன் மேல் லைனிங் ரோல் அடுக்கியிருந்தது, ஐந்து ரோல், கீழே விலை ஸ்டிக்கர் இன்னும் கிழிக்காமல். வாங்கி வைத்ததிலிருந்து யாரும் உட்காராத ஸ்டூல் அது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆச்சி பேத்திக்குப் பாவாடை எடுக்க வந்தார்கள். முட்டிவலி போல, லிஃப்டிலிருந்து இறங்கியதும், “உக்கார ஏதாச்சும் போடுங்க” என்றார்கள். குஷன் நாற்காலி வந்தது. ஒரு பிள்ளை குனிந்து குனிந்து பாவாடையை விரித்துக் காட்டியது. பத்து பாவாடை, பதினைந்து பாவாடை. ஆச்சி ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்து, “ஏத்தா, நீயும் உக்காந்து காட்டேன். எனக்கு அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்குது” என்றார்கள். அந்தப் பிள்ளை சிரித்தது. சிரித்துக்கொண்டே கண் மட்டும் மேலே போனது, தூணின் உச்சியில் இருந்த கேமராவுக்கு. அப்புறம் “பரவால்ல ஆச்சி” என்று முட்டி போட்டு உட்கார்ந்தது. ஸ்டூலில் இல்லை, தரையில், பாவாடையைப் பிடித்துக்கொண்டு. தரையில் முட்டி போட்டால் அது வேலை. ஸ்டூலில் உட்கார்ந்தால் அது சும்மா இருப்பது. கேமராவுக்கு வித்தியாசம் தெரியும்.

பட்டுப்பாவாடை செட் 2,350 ரூபாய்க்கு எடுத்தேன். துணி பரவாயில்லை, தையல் மோசம். உள்பக்கம் ஓவர்லாக் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள், வீட்டில் நானே அடித்துக்கொண்டேன். பில்லில் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரெடிமேடுக்கு 12 சதவீதம் இருந்தது, இப்போது 2,500 வரை ஐந்துதான். சரி, விலை குறைந்திருக்கும் என்று பார்த்தால், ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரியோடு சேர்த்துக் கொடுக்கிற விலை பழையதும் புதியதும் ஒன்றுதான், இடையில் இருந்த ஏழு சதவீதம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் சம்பளத்துக்கும் போகவில்லை, அதை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிடித்தம் போகக் கையில் 8,400. சாப்பாடும் ஹாஸ்டலும் உண்டு. ஊர் கடலாடிப் பக்கம். கடைக்காரர் சம்பளம் கொடுப்பதில்லை, மதுரையில் ஏதோ ஏஜென்சி கொடுக்கிறது. “நாங்க இந்தக் கடை ஆளு இல்லக்கா, ஏஜென்சி ஆளு” என்றது அந்தப் பிள்ளை. அந்தக் கடையின் பெயர் எழுதிய சட்டைதான் போட்டிருந்தது.

லைனிங் ரோலை ஸ்டூலில் வைத்திருக்கிறீர்களே என்று ஃப்ளோர் மேனேஜரிடம் கேட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கிற பையன், டை கட்டியிருந்தார். முதலில், “இடம் இல்லக்கா” என்றார். நான் விடவில்லை. ஸ்டூல் எதற்கு வாங்கினீர்கள் என்றேன். “லேபர் ஆபீஸ்ல இருந்து வந்தா காட்டணும்ல” என்றார். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எனக்கே ஸ்டூல் இல்லக்கா. மாடிக்கு மாசம் இவ்வளவுன்னு டார்கெட். சேலை எடுக்க வர்றவுக போன்ல ஆன்லைன் விலையக் காட்டி, இதுக்குக் குடுப்பியான்னு கேக்குறாக. வாடகை, கரன்ட் பில், பேங்க் கடன். முதலாளி என் தலையில வைக்கிறாரு, நான் யாரு தலையில வைக்கிறது” என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் அந்தப் பிள்ளைகள் நின்றார்கள்.

என் நாத்தனார் மகன் தேவகோட்டையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறான். அன்று ராத்திரி ஃபோன் போட்டேன். அவனிடம் கேட்டு நான் தெரிந்துகொண்டதையும், எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். ஜவுளிக்கடை விமர்சனத்தில் சட்டம் எதற்கு என்று நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று பத்தி தள்ளிப் போய்க்கொள்ளுங்கள்.

கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்காரும் உரிமை நம் நாட்டில் முதலில் வந்தது கேரளாவில், 2018-ல். யாரும் மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைச் சேர்த்து, கழிப்பறை வேண்டும் என்று ஆரம்பித்தார். அது உட்கார நாற்காலி வேண்டும் என்பது வரை போனது. அவரும் தையல்காரர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்றார்கள். நான் அன்றைக்குப் பேப்பரை வெட்டி மெஷின் டிராயரில் வைத்தேன். எனக்குப் பிந்தி வந்தாலும் வந்ததே என்று அழுகை வந்துவிட்டது.

அதே சட்டத்தின் கீழே இன்னொன்றும் நடந்தது. 2019-ல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் வருடம் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று அரசாணை. மூன்று வருடத்துக்கு என்று ஆரம்பித்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, வாரத்தில் ஒரு நாள் லீவு, பெண்களை எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதிலேயே நிபந்தனையும் இருக்கிறது. காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தீபாவளி சீசனில் சம்மதக் கடிதத்தை நீட்டும்போது மாட்டேன் என்று சொல்கிற பிள்ளைக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதுதான் கேள்வி.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்குப் பன்னிரண்டு மணி நேர மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கலாம். தொழிற்சங்கங்கள் எல்லாம் கட்சி பேதம் இல்லாமல் எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வரே சொன்னார். அண்ணன் மில்லில் வேலை பார்க்கிறவர், அன்றைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவரிடம் சொன்னேன்: “உங்களுக்கு மசோதா போட்டுத்தான் பன்னெண்டு மணி நேரம் ஆக்கணும். எங்களுக்கு அது இல்லாமலே ஆக்கிட்டாக, யாரும் வாபஸ் வாங்கல.” அண்ணனுக்குச் சங்கம் இருந்தது. எங்கள் ஹாஸ்டலில் வார்டன்தான் இருந்தார்.

இப்போது 2025 நவம்பர் 21-லிருந்து 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. நாத்தனார் மகனிடம் இதைத்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன்.

“நல்லது இருக்கா இல்லையா, அதச் சொல்லு தம்பி.”

“இருக்கு அயித்தை. எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுக்கணும். குறிப்பிட்ட காலத்துக்குன்னு எடுத்த ஆளுக்கு ஒரு வருசத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. முன்னாடி அஞ்சு வருசம் வேணும்.”

“கெட்டது?”

“முன்னாடி இருபது கான்ட்ராக்ட் ஆளு இருந்தா கான்ட்ராக்ட் சட்டத்துக்குள்ள வரணும். இப்ப அம்பது. முன்னாடி நூறு பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற மில்ல மூட அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். இப்ப முந்நூறு.”

அண்ணன் மில்லில் 180 பேர். நூறுக்கும் முந்நூறுக்கும் நடுவில் சரியாக மாட்டுகிறார்கள். இனிமேல் நோட்டீஸும் நட்ட ஈடும் கொடுத்தால் போதும், அனுமதிக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியது இல்லை. முதலாளி மூடிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் போனஸ் பேசப் போகும்போது, மூட முடியும் என்பது மேஜைமேல் ஒரு ஓரமாக இருக்கும் அல்லவா? பேச்சின் சுருதி மாறிவிடும். கடைக்கு அந்த மூடல் விதி முன்பும் கிடையாது, இப்போதும் கிடையாது என்றான் தம்பி. கடைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் ஒன்று உண்டாம்: ஆறு மாதம் வேலை பார்த்த ஆளைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ ஒரு மாதச் சம்பளமோ கொடுக்காமல் நிறுத்தக் கூடாது. நான் ஐந்து வருடம் வேலை பார்த்தும் இதை ஒருவரும் சொல்லவில்லை. “ஏஜென்சி பிள்ளைகளுக்கு?” என்றேன். “யாரு முதலாளின்னு நிரூபிக்கிறதுக்குள்ள ஆறு மாசம் ஓடிரும் அயித்தை” என்றான்.

குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் எடுப்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். நம் செட்டிநாட்டுக்கு அது புதிது இல்லை. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் ஏஜென்டாகப் போனவர்களுக்கு மூன்று வருடக் கணக்குத்தான். போகும்போதே கொஞ்சம் முன்பணம், கணக்கு முடித்துத் திரும்பினால் வெகுமதி. ஆனால் போன ஏஜென்ட் நாலு கணக்கு முடித்துவிட்டுத் தானே ஒரு சின்னக் கடை வைத்தார், அப்படி வைத்தவர்கள் நிறையப் பேர். தொழில் கையில் ஏறியது. கடலாடிப் பிள்ளைக்கு மூன்று வருடம் முடிந்தால் கையில் ஏறுவது பாவாடை மடிக்கிற வித்தை மட்டும்தான். அதை என்ன விலைக்கு விற்பது?

சரி, கடைக்கு வருகிறேன். கஸ்டமருக்குக் கழிப்பறை இரண்டாவது மாடியில், சுத்தமாக இருக்கிறது, சோப்பும் இருக்கிறது. ஊழியர்களுக்கு அது இல்லை, மொட்டை மாடிக்குப் போக வேண்டும், போகிற நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். பார்க்கிங் இருசக்கர வண்டிக்கு மட்டும். கார்டு, யுபிஐ எல்லாம் வாங்குகிறார்கள். கேஷ் கவுன்டரில் கூட்டம் இல்லாத நாளிலும் கால் மணி நேரம் ஆனது, பில் போடுகிற பெண் ஒருவர்தான். அவருக்கு நாற்காலி உண்டு, சக்கரம் வைத்தது.

இன்னொரு சேவையும் தொடங்கியிருக்கிறார்கள்: சேலை எடுத்தால் ஜாக்கெட்டும் தைத்துத் தருகிறார்கள், 350 ரூபாய். நான் தையல்காரி என்று தெரிந்ததும் மேனேஜர் கார்டைக் கொடுத்து, “வீட்லயே தச்சுக் குடுங்கக்கா, ஜாக்கெட்டுக்கு 90 தர்றோம், மாசம் நூறு ஜாக்கெட் காரன்டி” என்றார். லைனிங் அவர்களுடையது, நூலும் கரன்டும் மெஷினும் என்னுடையது. அளவு தப்பினால் துணிக்காசை நான் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கோட்டையூரிலும் ஸ்ரீராம் நகரிலும் எனக்கென்று ஐம்பது அறுபது வீடு இருக்கிறது, அதனால் சொல்ல முடிந்தது. பெரியவரின் டைரி மாதிரி எனக்கும் ஒரு அளவு நோட்டு. அந்த நோட்டு இல்லாத ஒருத்தி 90 ரூபாய்க்குத் தைத்துக்கொண்டிருப்பாள், அவள் தைத்ததை வாசலில் பொம்மைக்கு மாட்டியிருந்தார்கள். கை இறக்கம் சுத்தமான வேலை.

லைனிங் எனக்கு எட்டு மீட்டர் வேண்டியிருந்தது. அடுக்கில் நிறைய ரோல் இருந்தும், “ஸ்டூல்ல இருக்கிறதுலயே வெட்டு” என்றேன். வேண்டுமென்றேதான். மெரூனில் நான்கு, பச்சையில் நான்கு. அந்தப் பிள்ளை ரோலை இறக்கியது, வெட்டியது, மறுபடியும் ஸ்டூலிலேயே ஏற்றி வைத்தது. மீட்டர் 68 ரூபாய், அளவில் குறை வைக்கவில்லை, நாலு விரல் கூடவே விட்டு வெட்டியது.

வீட்டில் நனைத்துப் பார்த்தபோது பச்சை சரியாக இருந்தது, மெரூன் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டது. லைனிங் சாயம் போனால் மேல் துணி நாசம், அதனால் மறுபடி பஸ் ஏறினேன், ஒன்பது நாள் கழித்து. பொங்கல் கூட்டம் தொடங்கியிருந்தது. முதல் மாடி மெத்தையில் பத்துப் பேர், பெரியவர் நடுவில். இரண்டாவது மாடியில் வணக்கம் சொன்னவர்களில் இரண்டு முகம் புதிது. பாவாடை காட்டிய பிள்ளையைக் கேட்டேன். “அவளை ஏஜென்சில வேற எடத்துக்கு மாத்திட்டாங்கக்கா” என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மெரூனை மாற்றிக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. பத்து நாளைக்குள் பில்லோடு கொண்டுபோனால் வெட்டிய துணியையும் மாற்றுகிறார்கள், அந்த வகையில் நல்ல கடை. போகிறவர்கள் பில்லைப் பத்திரமாக வையுங்கள். தெர்மல் தாளில் அடிக்கிற பில், ஒரு வாரத்தில் எழுத்து மங்கிவிடுகிறது, அதனால் வாங்கியதும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டாங்கி என்றால் நேராக முதல் மாடிக்குப் போய்விடுங்கள். செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்குள் போனால் பெரியவர் சாவகாசமாகக் காட்டுவார், அதற்கு மேல் அவர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்.